கோயில்காட்டைச் சுத்தம் செய்துவிட்டு 2,000 கன்று நடலாமா?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். ஐயனார் கோயிலைச் சுற்றி ஏறக்குறைய 5 ஏக்கர் காடு. பாதிக்கு மேல் உண்ணிச்செடியும் (லாண்டனா) சீமைக்கருவேலும் மூடிவிட்டன. வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பணம் திரட்டியிருக்கிறார்கள். ஜேசிபி விட்டுப் புதரையெல்லாம் தள்ளிவிட்டு, ஐப்பசி மழைக்கு 2,000 கன்று நடுவதாகத் திட்டம். "என்ன மரம் வைக்கலாம், எத்தனை அடி இடைவெளி விடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது மரங்களின் பட்டியல். ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இத்தனை காலம் யாரும் நடாமலே இருந்த காடு, இப்போது ஏன் தானாக முளைத்து வர முடியாமல் தவிக்கிறது? அதற்குப் பதில் கிடைத்தால் கன்று எண்ணிக்கை 2,000-லிருந்து 200-க்கு இறங்கிவிடலாம். பட்டியல் கீழே வருகிறது, பதிலின் பின்பாதியில். அதுவரை ஜேசிபியை மட்டும் நிறுத்தி வையுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும்.

உங்கள் ஊர்க் காடு எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ராமநாதபுரம் பக்கம் தொடங்கி ஆந்திரக் கடற்கரை வரை, கடலை ஒட்டிய சமவெளியில் துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் இந்தக் காட்டை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். மழை குறைவு, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் இரண்டு மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அப்படியிருந்தும் மரங்கள் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. சிறிய, தடித்த, பளபளப்பான இலைகள். உயரம் முப்பது அடியைத் தாண்டுவதே பெரிது. வீரை, காசா, உலக்கைப்பாலை, இரும்பிலி, குருந்து, நெய்க்கொட்டான், நாவல், உசில், வெப்பாலை ஆகியவை மரங்கள். அடியில் காரை, களா. இவற்றையெல்லாம் பின்னிக்கொண்டு சூரை, ஆதொண்டை, சீந்தில், பிரண்டை, குன்றிமணி என்று கொடிகள். புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: நிமிர்ந்து நிற்கும் தேக்கங்காடு போல இராது, குள்ளமாக, இருண்டு, நுழைய முடியாதபடி இருக்கும். இதன் ஆரோக்கியமே அந்த நுழைய முடியாமைதான். 'புதராகக் கிடக்கிறது' என்று ஊர் முகம் சுளிக்கும் நிலை, இந்தக் காட்டுக்குப் பெரும்பாலும் நல்ல நிலை.

அதனால்தான் 'சுத்தம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பயம் வருகிறது. ஜேசிபியின் வாளிக்கு உண்ணிச்செடி எது, முழங்கால் உயரத்தில் நிற்கும் வீரைக் கன்று எது என்று தெரியாது. ஒரு காசாக் கன்று இடுப்பளவு வளர எத்தனையோ ஆண்டுகள் பிடித்திருக்கும், அது அரை நிமிடத்தில் போய்விடும். அதைவிட மோசம் மண்ணுக்கு நேர்வது. மேல்மண் புரண்டு, உள்ளே உறங்கிக் கிடந்த சீமைக்கருவேல் விதைகள் வெளிச்சத்துக்கு வரும். வண்டியின் எடையில் மண் இறுகி மழைநீர் இறங்காது. மேலே மரங்கள் பின்னிய கூரை திறந்துகொண்டதால் வெயில் நேராகத் தரையைத் தொடும். மழை முடிந்து பார்த்தால், நட்ட கன்றுகளுக்கு நடுவே பழையபடி அதே இரண்டு செடிகள் முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். 'ஊரே சேர்ந்து சுத்தம் செய்தோம், மூன்றே வருடத்தில் மூடிவிட்டது' என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான். சோம்பல் காரணமில்லை, முறை தவறு. கொடிகளையும் இதே சூட்டில் அறுத்துவிடுவார்கள், 'மரத்தை அமுக்குகிறது' என்று. இந்தக் காட்டில் மரமும் கொடியும் சேர்ந்துதான் கூரை. கொடியை அறுத்தால் அந்த ஓட்டை வழியாக வெயிலும் அனல்காற்றும் உள்ளே இறங்கும்.

எனவே முதல் வேலை கணக்கெடுப்பு. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு பேர், 20 மீட்டர் கயிறு, நான்கு குச்சி போதும். காட்டின் குறுக்கே நேர்க்கோட்டில் நடந்து, சம இடைவெளியில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் அமையுங்கள். 5 ஏக்கருக்கு 20 கட்டம் போட்டால் மொத்தப் பரப்பில் இரண்டரை சதவீதம் வரும், ஊர்க் கணக்குக்கு அது போதும். நல்ல இடமாகப் பார்த்துக் கட்டம் போடக் கூடாது, கோடு எங்கே போகிறதோ அங்கேயே. ஒவ்வொரு கட்டத்திலும் நாட்டு மரக்கன்றுகளை முழங்காலுக்குக் கீழ், முழங்கால் முதல் நெஞ்சு வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். உண்ணிச்செடி கட்டத்தில் கால்பாகமா, பாதியா, முழுவதுமா என்று குறியுங்கள். ஆட்டுப் புழுக்கை, வெட்டுத் தடம், எரிந்த தடம் இருந்தால் அதையும். கூடவே, காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போகும் வயதான பெண் ஒருவரையாவது அழைத்துச் செல்லுங்கள். இலை விடாத குச்சியைப் பார்த்தே இது காரை, இது இரும்பிலி என்று சொல்லிவிடுவார்கள். கைப்பேசிச் செயலிகள் இந்தச் சிறிய தடித்த இலைகளில் அடிக்கடி தடுமாறுகின்றன.

இந்த எண்ணிக்கை உங்கள் திட்டத்தையே மாற்றும். கட்டத்துக்குச் சராசரியாக இரண்டு நாட்டுக் கன்றுக்கு மேல் இருந்தால், ஏக்கருக்கு 320-க்கு மேல் என்று அர்த்தம். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, கைக்கணக்குதான். ஆனால் அந்த அளவு இருந்தால் நடவே தேவைப்படாது. இருப்பதைக் காப்பாற்றினால் போதும். சின்னக் கன்று நிறைய இருந்து, முழங்காலுக்கு மேல் ஒன்றுமே இல்லையென்றால் ஆடு மேய்கிறது, அல்லது ஆண்டுதோறும் யாரோ அடிக்காட்டை வெட்டுகிறார்கள். அங்கே 2,000 கன்று வைத்தாலும் ஆட்டுக்கு 2,000 வாய் தீனி. பெரிய மரம் இருந்தும் கீழே ஒரு முளைகூட இல்லையென்றால் உண்ணிச்செடியின் நிழலோ, சருகைக் கூட்டி அள்ளுவதோ, பழம் தின்று விதை போடும் பறவைகள் வராததோ காரணமாக இருக்கலாம். நோய் தெரிந்த பிறகு மருந்து.

உண்ணிச்செடியை எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே வெட்டினால் அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். வேரோடு தோண்டினால் மண் கலைந்து அதன் விதையே முளைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் செய்து காட்டிய முறை இரண்டுக்கும் நடுவானது. தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் இருப்பது அந்த வேர்க்கழுத்தில்தான். அது வெயிலைப் பார்த்துக் காய்ந்தால் செடி செத்தது. குறுகிய இலையுள்ள மண்வெட்டி அல்லது சிறிய கோடரி போதும். கடப்பாறையால் நெம்பி மண்ணைப் பெயர்க்காதீர்கள். காய் பழுத்து நிற்கும் நேரத்தில் இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போவீர்கள். கோடைமழையில் மண் நெகிழ்ந்து, காய் பிடிப்பதற்கு முன்னால் செய்வது நல்லது. உங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் ஒரு மழை கிடைத்தால் அதுவே சமயம். புதர் அடர்ந்த இடத்தில் அரை ஏக்கருக்கு ஐந்து பேர் நான்கைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் நிறைந்த மண்ணில் இன்னும் இழுக்கும். இத்தோடு முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே உண்ணி நாற்றுகள் கூட்டமாக முளைக்கும். மார்கழியில் ஒருமுறை, அடுத்த ஆவணியில் ஒருமுறை என இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கையால் பிடுங்க வேண்டும். குறிப்பாகப் பறவைகள் உட்காரும் உயர்ந்த மரங்களின் அடியில், அவை கொண்டுவந்து போடும் விதைகள் ஒவ்வோர் ஆண்டும் முளைக்கும். வெட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் பாதியாவது இந்தக் களையெடுப்புக்கு மீதி இருக்க வேண்டும்.

சீமைக்கருவேல் வேறு விதமான எதிரி. தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்று பத்தாகத் தழைக்கும். பட்டையைச் சுற்றி உரித்துவிட்டாலும் கீழிருந்து துளிர்க்கும். சுற்றிலும் மண்ணைப் பறித்து, ஓர் அடி ஆழம் வரை போய், பக்கவேர்கள் பிரியும் கழுத்துக்குக் கீழே வெட்டினால்தான் சாகும். முழங்காலுக்குக் கீழே உள்ள கன்றுகளை மழை ஈரத்தில் கையால் இழுத்துவிடலாம், ஓராண்டு விட்டால் ஆணிவேர் கைக்குச் சிக்காது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுக்காதீர்கள். சீமைக்கருவேல் நிழலில் வேம்பும் குருந்தும் முளைத்து நிற்பதைக் கட்டாயம் பார்ப்பீர்கள். அங்கே அது இப்போதைக்குத் தாதி. கீழ்க்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டு, நாட்டுக் கன்று தோளுயரம் வந்த பிறகு மரத்தை எடுங்கள். ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு வெற்றுச் செம்மண்ணில் காடு வளர்த்தவர்கள் வெளிநாட்டு அக்கேசியாவை முதலில் வளரவிட்டு, அதன் நிழலில் நாட்டு மரங்களைக் கொண்டுவந்ததும் இதே கணக்கில்தான். விதை முதிர்ந்த நெற்றுகளை ஆடுமாடு தின்னாமல் பொறுக்கி எடுப்பது, மரம் வெட்டுவதைவிட மலிவான வேலை. தின்றால் புழுக்கையோடு காடு முழுக்க விதைத்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? பொதுவாக எல்லோரும் சாலையோரம், மோசமான மூலையிலிருந்து தொடங்குவார்கள், கண்ணுக்குத் தெரிகிறதல்லவா. நேர்மாறாகச் செய்ய வேண்டும். காட்டின் நல்ல பகுதியிலிருந்து தொடங்கி, அதன் விளிம்பில் நுழைந்துகொண்டிருக்கும் களையை எடுத்து, சிறிது சிறிதாக வெளியே வாருங்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பக்கம் பிராட்லி சகோதரிகள் இதைத்தான் வற்புறுத்தினார்கள்: நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்துக்குப் போ, மண்ணைக் கலைக்காதே, காடு இடத்தை நிரப்பும் வேகத்தைவிட வேகமாக வெட்டாதே. மூன்றாவதுதான் கஷ்டம், ஏனென்றால் பணமும் ஆளும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஆண்டுக்கு ஓர் ஏக்கர் என்று வைத்து, நன்கொடையை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெட்டிய உண்ணிச்செடியைக் காட்டுக்குள் குவித்து எரிக்க வேண்டாம், அந்த இடத்து மண்ணின் உயிரும் விதையும் வெந்துபோகும். காய்ந்ததை வெளியே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் ஊர்க் காரியம் வருகிறது. காட்டை உண்மையில் அன்றாடம் பயன்படுத்துபவர்கள் யார்? கூட்டத்துக்கு வரும், கோயிலில் உரிமையுள்ள கரைகாரர்களும் பங்காளிகளும் அல்ல, வெளியூரில் இருக்கும் நன்கொடையாளர்களும் அல்ல. நான்கு ஆடு வைத்திருப்பவரும், சுள்ளி பொறுக்கி அடுப்பெரிப்பவரும்தான். பல ஊர்களில் அவர்கள் கோயில் கூட்டத்தில் பேசும் இடத்தில் இல்லை, சில ஊர்களில் கோயிலுக்குள்ளேயே இல்லை. அவர்களைக் கேட்காமல் வேலி போட்டால், முதல் கோடையிலேயே கம்பி அறுந்திருக்கும். முதலில் அவர்களோடு உட்காருங்கள். வெட்டப்படும் சீமைக்கருவேல் விறகும் உண்ணிக் குச்சியும் முதலில் அவர்களுக்கு. களையெடுப்புக் கூலி வேலையும் அவர்களுக்கே. மேய்ச்சலுக்கு வெளி விளிம்பில் ஒரு பகுதியை விட்டு, மீட்கும் ஒவ்வோர் ஏக்கரையும் மூன்று நான்கு ஆண்டுகள் மட்டும் அடைத்து, பிறகு திறந்துவிடலாம். மொத்தமாக மூடுவதைவிடச் சுழற்சி நிலைக்கும். அடைப்புக்கு முள்கம்பியைவிடக் கிளுவைப் போத்து நல்லது. கட்டைவிரல் முதல் மணிக்கட்டுப் பருமன் வரை, நாலைந்து அடி நீளத்தில் வெட்டி, கோடைக் கடைசியில் ஓர் அடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றினால் மழைக்குத் துளிர்த்துவிடும். அது தேறும் வரை வெட்டிய சீமைக்கருவேல் முள்ளை முன்னால் போட்டு வையுங்கள்.

ஊரில் ஏற்கெனவே உள்ள கட்டுப்பாட்டை மதித்துத்தான் எதையும் செய்ய வேண்டும். 'பச்சை மரத்தில் இரும்பு படக் கூடாது', 'காட்டிலிருந்து ஒரு குச்சியும் வீட்டுக்குப் போகக் கூடாது', 'செருப்போடு நுழையக் கூடாது' என்பவைதான் இத்தனை நாள் காட்டைக் காத்தவை. அதே கட்டுப்பாடு உண்ணிச்செடி வெட்டவும் தடையாக நிற்கும். இதை 'மூடநம்பிக்கை' என்று தள்ளிவிட்டு அரிவாளோடு நுழைந்தால் காரியம் அன்றோடு கெட்டது. பூசை செய்யும் வேளாரிடமோ சாமியாடியிடமோ சொல்லி, பூப்போட்டுப் பார்த்து, எந்தச் செடி, எந்த நாள், எந்த எல்லை என்று உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவிலேயே 'இந்த இரண்டு செடி தவிர வேறெதிலும் கத்தி படாது' என்று வந்துவிட்டால், பிறகு யாரும் மீற மாட்டார்கள். மீறியவர்களுக்கு என்ன என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் தடவை சொல்லி விடுவது, அடுத்தது சின்ன அபராதம் என்று படிப்படியாக. எடுத்தவுடன் ஆயிரக்கணக்கில் அபராதம் போட்டால் வசூலும் ஆகாது, சண்டைதான் மிஞ்சும்.

அடுத்தது காகிதம். நிலம் யாருடையது என்று பாருங்கள். புல எண்ணை வைத்து அரசின் இணையச் சேவையில் 'அ' பதிவேடு எடுத்தால் தெரியும்: புறம்போக்கா, கோயில் பெயரில் பட்டாவா, வனத்துறையா, யாரோ ஒரு குடும்பத்தின் பெயரா. கோயில் நிலமானால் அறநிலையத்துறையிடமும், புறம்போக்கானால் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியரிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் சீமைக்கருவேல் மரத்தைக்கூட வெட்டாதீர்கள். அரசு நிலத்து மரம் அரசுச் சொத்து. புறம்போக்கு மரங்களின் மகசூலை அனுபவிக்க யாருக்காவது 2சி பட்டா கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2022-ல் தமிழக அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. மனுவில் அதைச் சுட்டிக்காட்டினால் அலுவலருக்கும் எளிது. கிராமசபைத் தீர்மானம் ஒன்றும் போட்டு வையுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் 'காட்டின் எல்லைக்குள் புதிய கட்டடம், சாலை, சிமெண்ட் தளம் கிடையாது' என்ற ஒரு வரி அவசியம். கோயில்காடுகளைக் கரைப்பதில் ஆட்டைவிட வேகமானது கும்பாபிஷேகத் திருப்பணி. மண்டபம், தண்ணீர்த் தொட்டி, வாகனம் நிறுத்த இடம் என்று ஒவ்வொன்றாக வந்து காடு பின்னேறும்.

இன்னும் உறுதியான காப்பு வேண்டுமென்றால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தில் 37-ஆம் பிரிவு இருக்கிறது. உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். மதுரை அரிட்டாபட்டி 2022-ல் அப்படி அறிவிக்கப்பட்டது. 2025-ல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடும் அந்த வரிசையில் சேர்ந்தது, பரப்பு 4.97 ஹெக்டேர்தான், அதாவது ஏறக்குறைய 12 ஏக்கர். எனவே 'ஐந்து ஏக்கருக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்' என்று தயங்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குமுன் ஊராட்சியின் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு உயிரோடு இருக்க வேண்டும், மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேட்டில் உங்கள் காடு பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் எடுத்த 20 கட்டக் கணக்கு அங்கே நேராக உதவும். 2024 டிசம்பர் 18 அன்று, ராஜஸ்தானின் ஓரண் என்ற கோயில்காடுகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதுக்கும் கோயில்காடுகளுக்கான கொள்கை வகுக்கும்படி மத்திய அமைச்சகத்துக்குச் சொன்னது. அதையும் தீர்மானத்தில் சேர்க்கலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ், காட்டை ஊரே சேர்ந்து காத்து நிர்வகிக்கும் சமூக வன வள உரிமை கேட்கலாமா என்பது உங்கள் நிலத்தின் வகையையும், ஊர் எத்தனை தலைமுறையாக அதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஆவணங்களோடு காட்டிக் கேளுங்கள். நான் இங்கிருந்து சொல்வது சரியாக இராது.

இனி கன்று. நடவேண்டிய இடம், கூரையில் இருபது அடிக்கு மேல் வெட்டவெளியாக இருந்து, கணக்கெடுப்பில் ஒரு முளையும் காணாத திட்டுகள் மட்டும். அங்கே வரிசையாக நட வேண்டாம். ஐந்து ஆறு அடி இடைவெளியில் ஐந்து முதல் ஏழு கன்று, வெவ்வேறு வகை, ஒரு கொத்தாக. பறவைகள் அந்தக் கொத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும். இந்தக் காட்டின் மரங்களிலும் கொடிகளிலும் நிறைய சதைப்பழம் தருபவை. சின்னானும் மைனாவும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் தின்று எச்சமிட்டு விதைப்பவை. வெட்டவெளிக்கு முதலில் உசில், வெப்பாலை, வேம்பு, நாவல், களா, காரை போன்ற வெயில் தாங்குபவை. வீரை, காசா, இரும்பிலி, உலக்கைப்பாலை ஆகியவற்றுக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். அவற்றை இருக்கும் மரங்களின் விளிம்பில் வையுங்கள், வளர்ச்சி ஆமைவேகம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு. பள்ளமாக நீர் தேங்கும் பக்கம் இருந்தால் மருதமும் இலுப்பையும். மகாகனி, தூங்குமூஞ்சி, குல்மோகர், சவுண்டல், இவை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். சவுண்டல் தானே ஒரு படையெடுப்புச் செடி. ஏற்கெனவே காடு இருக்கும் இடத்தில், கன்றுகளை மிக நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையும் வேண்டாம், அது வெறுங்கட்டாந்தரைக்கு யோசித்தாலும் யோசிக்கலாம்.

விதையை உங்கள் காட்டிலிருந்தும், அக்கம்பக்கத்து ஐயனார் காடுகளிலிருந்தும் எடுங்கள், ஒரே மரத்திலிருந்து இல்லாமல் ஏழெட்டு மரங்களிலிருந்து. வீரையிலும் இரும்பிலியிலும் ஆண்மரம் பெண்மரம் தனித்தனி, எனவே இரண்டு மூன்று கன்று மட்டும் வைத்தால் பின்னாளில் காய்க்காமலே போகலாம், அக்கம்பக்கத்துக் கொத்துகளில் சேர்த்து ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கைந்து வேண்டும். நாவலும் இலுப்பையும் விதையைக் காயவைத்துச் சேமிக்கும் சாதி அல்ல. பழம் விழுந்த சில நாட்களில், சதையைக் கழுவிவிட்டு ஈரத்தோடு ஊன்ற வேண்டும். ஒரு மாதம் சாக்கில் கட்டி வைத்துவிட்டு 'முளைக்கவில்லை' என்று விதையைக் குறை சொல்லக் கூடாது. வேம்பும் சில வாரங்கள்தான். பைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு. ஒன்றரை முதல் இரண்டு அடிக் கன்று நடவுக்கு உத்தமம். ஆறடி உயரத்தில் சின்னப் பையில் நிற்கும் கன்று புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே வேர் சுருண்டிருக்கும், சில ஆண்டுகள் கழித்துக் காற்றில் சாயும். மண் ஓர் அடி ஆழம் நனைந்த பிறகு, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ நட்டுவிடுங்கள். கார்த்திகைக்குத் தள்ளினால் வேர் பிடிக்க மழை மிச்சமிராது. குழி பெரிதாக வேண்டாம், பை கொள்ளும் அளவைவிடக் கொஞ்சம் அதிகம். சுற்றிலும் ஓரடிக்குச் சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல். முதல் கோடையில் பத்து நாளைக்கொரு முறை ஒரு குடத்தில் பாதித் தண்ணீர். இரண்டாம் கோடையில் நிறுத்திவிடலாம்.

தானாக முளைத்து நிற்கும் கன்றுகளுக்கும் இதே மரியாதை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி ஊன்றி, நுனியில் வெள்ளைத் துணி கட்டுங்கள். களையெடுப்பவர் கத்தி தவறாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை. அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு மட்டும் புல்லையும் உண்ணியையும் நீக்கினால் போதும்.

தீ பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காடு நெருப்போடு பழகியது அல்ல. தை கடைசிக்குள் வெளி எல்லையில் பத்தடி அகலத்துக்குச் சருகை உட்பக்கமாகத் தள்ளித் தடுப்புக்கோடு போடுங்கள். கிடாவெட்டுச் சமையலும் பொங்கல் அடுப்பும் காற்று பொறியைக் காட்டுக்குள் கொண்டுபோகாத பக்கம், கோட்டுக்கு வெளியே. புரவியெடுப்பு முடிந்து பழுதான மண்குதிரைகளை ஓரமாகக் கிடக்க விடலாம், பல்லியும் ஓணானும் குடியிருக்கும். பிளாஸ்டிக் மட்டும் அன்றன்றைக்கே வெளியேற வேண்டும். விழுந்த மரத்தை ஏலம் விடும் பழக்கம் இருந்தால் நிறுத்தப் பாருங்கள். பட்டுப்போன மரப்பொந்தில்தான் ஆந்தையும் மைனாவும் குஞ்சு பொரிக்கும், அழுகும் கட்டையில்தான் அடுத்த தலைமுறைக்கு மண் உருவாகும். புற்றை இடிக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றையும் முடியாதவற்றையும் பிரித்துவிடுகிறேன். ஆட்டை நிறுத்தி, உண்ணியை முறையாக எடுத்தால் நாட்டுக் கன்றுகள் மேலே வரும், இது உறுதி. ஜேசிபி கெடுக்கும், இதுவும் உறுதி. உண்ணிச்செடி மண்ணில் விடும் வேதிப்பொருள்தான் மற்றச் செடிகளைக் கொல்கிறது என்று பரவலாகச் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் அப்படித் தெரிந்தாலும், காட்டில் அதன் நிழலும் அடர்த்தியும் செய்வது எவ்வளவு, வேதிப்பொருள் செய்வது எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சீமைக்கருவேல் காற்றின் ஈரத்தையே உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அடிப்படை இல்லை. அதை எடுப்பதற்கு வேறு நல்ல காரணங்களே போதும். கோயில்காடு ஆதிகாலக் காட்டின் மிச்சமா, அல்லது மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தும் கழித்தும் உருவான தோற்றமா என்பதில் தாவரவியலாளர்களே ஒத்துப்போவதில்லை. ஆகவே 'பழைய நிலைக்கு அப்படியே கொண்டுவருவோம்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் இடத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் தைலமரத் தோப்பு இருந்தால், சுண்ணாம்புப் பாறையோ களரோ மண்ணில் இருந்தால், மேலே சொன்ன மரங்களில் சில மாறும். அருகில் நன்றாக இருக்கும் ஒரு கோயில்காட்டுக்குப் போய், உங்களுடையதைப் போன்ற மண்ணில் அங்கே என்ன நிற்கிறது என்று பார்ப்பதே என் பட்டியலைவிட மேல்.

கடைசியாக, வேலை நடக்கிறதா என்று அளக்கும் முறை. நட்ட கன்றில் எத்தனை பிழைத்தது என்ற கணக்கு நன்கொடையாளருக்குப் பிடிக்கும், ஆனால் காட்டைப் பற்றி அது அதிகம் சொல்லாது. அதே 20 கட்டங்களின் நான்கு மூலைகளிலும் கல் நட்டு வைத்து, ஒவ்வொரு தை மாதமும் அதே மூன்று உயரக் கணக்கை எடுங்கள். முழங்கால் முதல் நெஞ்சு வரை உள்ள நடுக்கட்டு எண்ணிக்கைதான் முக்கியம், அது ஏறினால் ஆடும் கத்தியும் நின்றிருக்கின்றன. இரண்டு ஆண்டு ஆகியும் ஏறவில்லையென்றால் மேலும் கன்று வாங்காதீர்கள், எந்தப் பக்கமிருந்து ஆடு வருகிறது என்று போய்ப் பாருங்கள். ஆறு இடங்களைத் தேர்ந்து, ஒரே உயரத்தில், ஒரே திசையில், ஆண்டுக்கொரு படம் எடுத்து வையுங்கள். முதல் ஆண்டுக் கட்டக் கணக்கு கையில் வந்ததும் இதே இழையில் போடுங்கள். எந்த ஏக்கரில் தொடங்கலாம் என்று அதை வைத்துப் பேசலாம்.